கம்பெனி டயரு பனிக்குத் தாங்குமா? – வாசகர் கேள்வி, டயர்க்கடை பதில்

இந்த மாசம் கடுதாசி, வாட்ஸ்அப், கடை வாசல்ல நின்னு கேட்டது எல்லாம் சேத்துப் பாத்தா ஒரு மூட்டை இருக்கு. அஞ்சு எடுத்திருக்கேன். மொதக் கேள்வியே முக்கால்வாசி எடத்தைத் தின்னுருச்சு, மத்தவங்க கோவிச்சுக்காதீங்க.

*

கேள்வி: வணக்கம் அண்ணே, நான் சுங்கை சிப்புட் பக்கத்து தோட்டத்துல முப்பது வருசம் லோரி ஓட்டிட்டு இப்ப வீட்டோட இருக்கேன். என் மவன் கனடாவுக்குப் போயி எட்டு மாசம் ஆச்சு, ஆல்பர்ட்டா மாநிலம், எட்மன்டன். போன மாசம் புது பிக்கப் எடுத்துட்டான், நாலு சக்கரமும் இழுக்கற போர்வீல். வித்த ஆளு "இதுல வர்ற டயரு ஆல் சீசன், எல்லாக் காலத்துக்கும் ஓடும், தனியா ஒண்ணும் வாங்க வேணாம்"னு சொல்லிட்டானாம். கூட வேலை செய்யற பசங்களோ வின்டர் டயர் போடலன்னா குழியிலதான் கெடப்பேன்னு பயமுறுத்துறாங்களாம். நாலு டயரு ரிம்மோட கேட்டா காசு மலை மாதிரி சொல்றான். "ப்பா, நீதானே லோரி ஓட்டுனவரு, நீயே சொல்லு"ன்னு எனக்குப் போன் போடறான். நான் ஐஸ் கச்சாங் தவிர வேற ஐஸ் பாத்ததில்ல. என்ன சொல்லட்டும்?

பதில்: சுருக்கமா சொல்லிடறேன் அண்ணே, எட்மன்டனுக்குப் பத்தாது. ஷோரூம்லேந்து வண்டியோட வர்ற கம்பெனி டயர்ல ஒரு வகைக்கு மட்டும் கொஞ்சம் சலுகை குடுக்கலாம், அது என்னன்னு கீழ வர்றேன், அதுவும் முழுச் சலுகை இல்ல.

வித்தவன் பொய் சொன்னான்னு நான் சொல்ல மாட்டேன், அவனுக்கு ஆல் சீசன்னா அவன் கடை இருக்கற நாட்டோட பாதிக் காலம். டயருங்கறது ரப்பரு, ரப்பருக்கு குளிரு ஆகாது. சாதாரண டயரோட மேல் ரப்பரு 7 டிகிரிக்குக் கீழ போகப் போக விறைக்க ஆரம்பிக்கும், ரோட்டோட ஒட்டாது. பேருக்கு பக்கவாட்டுல எம் ப்ளஸ் எஸ் (M+S), அதாவது சேறும் பனியும்னு எழுதியிருந்தாலும் விறைக்கறது விறைக்கறதுதான். இதுல ஒரு வேடிக்கை பாருங்க, நம்ம மலேசியா வானிலைக்காரங்க கணக்குல இதுவரைக்கும் பதிவான ரொம்பக் கொறைஞ்ச குளிரு கேமரன் மலையில 1978 பிப்ரவரி 1ஆம் தேதி, 7.8 டிகிரி. அதாவது டயருக்காரன் கோடு போட்ட அந்த 7 டிகிரியை நம்ம ஊரு தொட்டதே இல்ல. கினபாலு உச்சியில ஒறையும்தான், அங்க யாரு லோரி கொண்டு போறா. அதனாலதான் நீங்களும் நானும் ஆயுசு பூரா டயரு பாத்தும் இந்த வெவகாரம் தெரியாம இருந்துட்டோம்.

நான் இதைக் கையால தொட்டுப் பாத்தவன். மூத்த பொண்ணு கல்கரியில இருக்கா, பேரன் பொறந்தப்ப ஜனவரியில போயி ஆறு வாரம் இருந்தேன். ஒரு நாள் காலையில மைனஸ் 24. மருமவன் வண்டியில வின்டர் டயரு, பக்கத்து வீட்டுக்காரரு பிக்கப்புல ஷோரூம்லேந்து வந்த அதே டயரு, ரெண்டும் ராத்திரி முழுக்க வெளிய நின்னது. டயர்க்கடைக்காரன் புத்தி சும்மா இருக்குமா, கையுறையைக் கழட்டிட்டு ரெண்டுலயும் பட்டன்ல, அதான் டயரு மேல கட்டிக் கட்டியா எழும்பி நிக்கற ரப்பர்ல, நகத்தை வச்சு அழுத்திப் பாத்தேன். மருமவன் டயர்ல நகம் பதிஞ்சுது, எடுத்ததும் மெதுவா எழும்பி வந்துச்சு. பக்கத்து வண்டியில, மாசக்கணக்குல வெயில்ல காஞ்ச ஒட்டுப்பாலைத் தொட்ட மாதிரி இருந்துச்சு, நகந்தான் வலிச்சுது. பொண்ணு ஜன்னல்லேந்து "ப்பா, வெரலு போயிரும், உள்ள வா"ன்னு கத்துறா. அந்தப் பக்கத்து வீட்டு வண்டி அன்னைக்குச் சாயங்காலம் அவர் வீட்டு வாசல்லயே, நடக்கற வேகத்துல வந்து, பிரேக் பிடிச்சும் நிக்காம தபால் பெட்டியைப் போயி மெதுவா முட்டுச்சு. அவசரமே இல்லாம, நாங்க எல்லாரும் பாத்துக்கிட்டே நிக்க, போயி முட்டுச்சு.

அப்ப வின்டர் டயர்ல என்ன இருக்கு? ஒண்ணு ரப்பரு கலவை, குளிர்லயும் எளக்கமா இருக்கற மாதிரி சிலிக்காவும் இயற்கை ரப்பரும் கூடுதலாப் போட்டுக் கலக்குறாங்க. இயற்கை ரப்பருன்னா நம்ம பால்மரத்துப் பாலுதான் அண்ணே. அது கண்ணாடி மாதிரி ஆகணும்னா மைனஸ் 60, 70 பக்கம் போகணும். உங்க ஊருக்குப் பக்கத்துல கோல கங்சார்ல 1877ல நட்ட ஒம்போது கன்னுல ஒரு மரம் இன்னும் நிக்குதே, பிரேசில் காட்டு வெதை, லண்டன் கியூ தோட்டம், சிங்கப்பூர்னு சுத்திட்டு வந்த கன்னு. காட்டுல வேர்த்துக்கிட்டு நின்ன மரத்தோட பாலு, மைனஸ் 30ல எளக்கமா நிக்குது. எங்க அம்மா விடியக்காத்தால வெட்டுன பாலு எந்த நாட்டு ரோட்ல உருண்டுச்சோன்னு அன்னைக்கு அந்த வாசல்ல நின்னுக்கிட்டு யோசிச்சேன், சரி அது வேற கதை.

ரெண்டாவது, பட்டன் மேல கத்தியால கீறுன மாதிரி பொடிப்பொடியா கீத்து நெறைய இருக்கும். இங்கதான் உங்க லோரி அனுபவத்தை மாத்திப் போட்டுப் பாக்கணும். செம்மண் சேத்துல நமக்கு என்ன வேணும்? பட்டன் எடைவெளி பெருசா இருக்கணும், சேறு ஒட்டாம தெறிச்சு வெளிய போகணும், சேத்தைப் பிடிச்சு வச்சிக்கிட்டா டயரு வழுக்கை ஆயிடும். பனிக்கு அப்படியே நேர் எதிர். பனியைப் பிடிச்சு வச்சிக்கணும், டயர் கீத்துல அடைஞ்ச பனி ரோட்ல கெடக்கற பனியோட உரசித்தான் பிடிமானம் வருது, சின்னப் புள்ளைங்க ஐஸ் தூளை உருண்டை பிடிப்பாங்களே அந்த மாதிரி, பனிக்கு பனிதான் ஒட்டும். அதனால சேத்துக்குன்னு விக்கற பெரிய பட்டன் டயரு, பாக்க ராட்சசன் மாதிரி இருக்கும், வழவழ ஐஸ்ல அது ரொம்ப மோசம், கீத்தே இல்லாத கட்டிக் கட்டி ரப்பரு. உங்க மவன் ஸ்டைலுக்கு அதைப் போயி வாங்கிட்டு வந்துடப் போறான், முன்கூட்டியே சொல்லி வைங்க.

இப்ப அந்த எழுத்து வெவகாரம். டயரோட பக்கவாட்டுல இருக்கற எம் ப்ளஸ் எஸ், சேறும் பனியும்னு சொன்னேன்ல. மேல சொன்னேனே ரெண்டும் நேர் எதிர் கேக்கும்னு, ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்ற எழுத்தை எப்படி நம்பறது. அது பட்டனோட வடிவத்தை வச்சு போடற எழுத்து, ரப்பரு குளிர்ல என்ன ஆகும்னு யாரும் சோதிச்சுப் பாத்துப் போட்டதில்ல. சோதிச்சுப் போடறது வேற முத்திரை, மூணு சிகரம் உள்ள மலை, அதுக்குள்ள ஒரு பனிப்பூ. 1999லேந்து வட அமெரிக்காவுல இருக்கு. இறுகுன பனி மேல, ஒப்பிடறதுக்குன்னே வச்சிருக்கற ஒரு டயரோட சேத்து ஓட்டிப் பாத்து, அதைவிட 10 விழுக்காடாவது கூடுதலா இழுத்தாத்தான் இந்த முத்திரை கெடைக்கும். இதுலயும் ஒரு சின்ன ஓட்டை, சோதிக்கறது வண்டி கெளம்பி இழுக்கறதைத்தான், ஐஸ்ல பிரேக் அடிச்சா எங்க நிக்குதுங்கறதை இல்ல.

நான் சொன்ன சலுகை இதுதான். சில பிக்கப்புக்கு, அதுவும் காடு மேடு ஓடறதுக்குன்னு விக்கற மாடலுக்கு, கம்பெனியே ஆல் டெரெய்ன் டயரு, அதாவது தார் ரோடு, மண் ரோடு ரெண்டுலயும் ஓடற டயரு போட்டு அதுல இந்த மலை-பனிப்பூ முத்திரை இருக்கும். அப்படி இருந்தா மொத வருசம் பகல்ல டவுனுக்குள்ள, வேலைக்குப் போயி வர, பொறுமையா ஓட்டுனா சமாளிக்கலாம். ஹைவே, ராத்திரி ஷிஃப்டு, ஐஸ் பிடிச்ச சந்திப்புன்னா அப்பவும் அசல் வின்டர் டயர்தான். அதனால மவன்கிட்ட மொதல்ல டயரு பக்கவாட்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, வண்டி முன்னாடி நின்னு சிரிக்கற போட்டோ வேணாம்.

போர்வீல் இருக்கே பயம் என்னான்னு கேப்பான். எல்லா பிக்கப் வச்சிருக்கற பசங்களும் கேக்கறதுதான். போர்வீல் வண்டியைக் கெளப்பும், மேட்டுல ஏத்தும், குழியிலேந்து இழுக்கும், ஆனா பிரேக் அடிக்கறப்ப எல்லா வண்டியும் நாலு சக்கர வண்டிதான் அண்ணே, ஈப்போ பசார்ல ஓடற பழைய குட்டிக் காருக்கும் நாலு சக்கரத்துலயும் பிரேக் இருக்கு. நிக்கறதும் திரும்பறதும் டயரு பாடு. போர்வீல்காரன் நல்லாக் கெளம்பறதால நல்லா நிக்கும்னு நெனச்சிக்கிட்டு வேகமாப் போறான், அங்கதான் விழறான்.

பிக்கப்புக்குன்னு இன்னொரு தொல்லை, பின்னாடி காலியா இருந்தா எடை பூரா முன்னாடி எஞ்சின்ல. லோடு எறக்கிட்டு வெறும் லோரியை ஈர ரோட்ல ஓட்டறப்ப பின்பக்கம் வால் ஆட்டுமே, அதுதான். அங்க மணல் மூட்டை போடுவாங்க. பின் அச்சுக்கு நேர் மேல வைக்கணும், டெயில்கேட் ஓரமா தள்ளி வைக்கக் கூடாது, வச்சா முன்பக்கம் தூக்கி ஸ்டியரிங் லேசாயிடும். கட்டிப் போடணும், கட்டாத மூட்டை பிரேக் அடிச்சா கேபின் கண்ணாடிக்கு வரும். மாட்டிக்கிட்டா மூட்டையைப் பிரிச்சு சக்கரத்துக்கடியில தூவிக்கலாம்ங்கறது கூடுதல் லாபம். மூட்டை போட்டா டயரு வேணாம்னு அர்த்தம் இல்ல.

காத்து. இதை யாரும் சொல்ல மாட்டாங்க. குளிரு 5, 6 டிகிரி எறங்குனா டயர்ல காத்தழுத்தம் சுமாரா 1 பிஎஸ்ஐ (காத்து மீட்டர்ல காட்டற அளவு) கொறையும். வெதுவெதுப்பான கராஜ்ல 20 டிகிரியில 35 அடிச்சு வச்சுட்டு, வெளிய மைனஸ் 20ல நிறுத்துனா 40 டிகிரி வித்தியாசம், 7 பிஎஸ்ஐ காணாமப் போயிடும், 28தான் இருக்கும். ஓட்டை ஒண்ணும் இல்ல, காத்து சுருங்கிப் போச்சு. டாஷ்போர்டுல விளக்கு பல வண்டியில கால்வாசி கொறைஞ்சாத்தான் எரியும், அதனால விளக்கை நம்பி இருக்கக் கூடாது, மாசத்துக்கு ரெண்டு தடவை காலையில வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி பாக்கணும். எவ்வளவு அடிக்கணும்னு டிரைவர் கதவு ஓரத்துல ஸ்டிக்கர் இருக்கும், டயர்ல எழுதியிருக்கற பெரிய நம்பரு அது தாங்கற உச்சம், அந்த அளவுக்கு அடிக்கக் கூடாது.

சட்டம் என்ன சொல்லுதுன்னு கேட்டீங்கன்னா, ஆல்பர்ட்டாவுல வின்டர் டயர் கட்டாயம் இல்ல. ஆனா பசங்க சும்மா இருப்பாங்களா, லீவு கெடைச்சா மலை தாண்டி வான்கூவருக்குக் கெளம்பிடுவாங்க. தாண்டுனா பிரிட்டிஷ் கொலம்பியா, அங்க மலை ரோடுங்கள்ல அக்டோபர் 1லேந்து எம் ப்ளஸ் எஸ் இல்லாட்டி பனிப்பூ முத்திரை இருக்கணும், பட்டன் ஆழம் 3.5 மில்லிமீட்டராவது இருக்கணும். கியூபெக்ல டிசம்பர் 1லேந்து மார்ச் 15 வரைக்கும் அசல் வின்டர் டயரே கட்டாயம். பாருங்க, ஒரே டயரு, ஒரு மாநிலத்துல கேள்வியே இல்ல, ஒரு மாநிலத்துல பாஸ், இன்னொண்ணுல அபராதம். போலீஸ்காரன் விட்டுட்டான்ங்கறதுக்காக ஐஸ் விட்டுடாது.

கொஞ்சம் மிச்சம் பண்ண ரெண்டு மட்டும் போட்டுக்கறேன்னு சொல்வான். கூடாது. முன்னாடி ரெண்டு மட்டும் போட்டா முன்பக்கம் பிடிச்சு நிக்கும், பின்பக்கம் சுத்திக்கிட்டு முன்னாடி வரும். பின்னாடி மட்டும் போட்டா ஸ்டியரிங்கைத் திருப்புனாலும் வண்டி நேராப் போகும். நாலுன்னா நாலு. தனி இரும்பு ரிம்ல ஏத்தி வச்சுக்கிட்டா ஒவ்வொரு தடவையும் டயரைக் கழட்டி மாட்டற கூலி இல்ல, ரோட்ல தூவற உப்புக்கு அழகு ரிம்மும் வீணாப் போகாது. காசு மலை மாதிரி இருக்குன்னானே, குளிர்காலத்துல இந்த செட்டு ஓடறப்ப அந்த செட்டு சும்மா தூங்குது, ரெண்டும் ரெண்டு மடங்கு நாள் வரும், அதையும் கணக்குல சேக்கச் சொல்லுங்க. ஏப்ரல்ல பனி போனதும் கழட்டிடணும், சோம்பேறித்தனமா வெயில்ல ஓட்டுனா அந்த எளக்க ரப்பரு பென்சில் அழிப்பான் மாதிரி தேஞ்சுரும்.

இன்னொண்ணு சொல்லிடறேன், மைனஸ் 30ல கெடக்கற ஐஸை விட, 0 டிகிரி பக்கத்துல இருக்கற ஐஸ்தான் ரொம்ப வழுக்கும், மேல லேசா தண்ணி படலம் நிக்கும். "இன்னைக்கு குளிரு கம்மிப்பா"ன்னு அவன் போன்ல சொல்ற நாள்லதான் நீங்க மெதுவாப் போடான்னு சொல்லணும். நீங்க மழைக்காலத்துல மேட்டு லைன்ல ஏற பின் சக்கரத்துக்கு சங்கிலி கட்டுவீங்கள்ல, அதே சங்கிலியை அங்க மலைக் கணவாயில பெரிய லோரிங்க கட்டும். அதைச் சொன்னா அப்பாவுக்கும் பனி தெரியும்னு நெனச்சிக்குவான்.

*

கேள்வி: அண்ணா, நான் சொந்தமா எட்டு ஏக்கர் செம்பனை வச்சிருக்கேன். புது பிக்கப்புல வந்த டயரு தார் ரோட்ல பாலு மாதிரி ஓடுது, தோட்டத்துல மழை பெஞ்சா மேட்டுல பாதியில நின்னுடுது. அக்டோபர், நவம்பர் வந்தா குலை எடுக்க முடியல. டயரு பழுதா, நான்தான் பழுதா?

பதில்: ரெண்டும் இல்ல தம்பி. உங்க டயரு தார் ரோட்டுக்குப் பொறந்தது. ஷோரூம்லேந்து வர்ற டயரைத் தேர்ந்தெடுக்கறப்ப கம்பெனிக்காரன் பாக்கறது சத்தம் வரக்கூடாது, எண்ணெய் கம்மியாக் குடிக்கணும், ஈர ஹைவேல நல்லா நிக்கணும். அதுல அவன் ஜெயிச்சுட்டான். செம்மண்ணு அந்தச் சின்னச் சின்ன எடைவெளியில சப்பாத்தி மாவு மாதிரி அப்பிக்கிட்டா பட்டனே தெரியாது, நாலு சக்கரமும் உருட்டுக்கட்டை.

உங்களுக்கு ஆல் டெரெய்ன் போதும், முழுச் சேத்து டயரு வேணாம். நீங்க பாதி நேரம் ஆலைக்கு தார் ரோட்லதான் ஓடறீங்க, சேத்து டயரு அங்க ஊளையிடும், ஈர ரோட்ல பிரேக் அடிச்சா தள்ளிப் போயி நிக்கும். வாங்கறப்ப பட்டனை மட்டும் பாக்காம பக்கவாட்டு கெட்டியையும் பாருங்க. மட்டை முள்ளு குத்தறது அங்கதான், பக்கவாட்டுல குத்துனதை ஒட்ட முடியாது, எந்தக் கடைக்காரனாவது ஒட்டித் தரேன்னா வண்டியை எடுத்துக்கிட்டு வந்துடுங்க. அதோட லோடு நம்பரு, அளவுக்குப் பக்கத்துல 112 அந்த மாதிரி இருக்கும், பழைய டயர்ல இருந்ததுக்குக் கொறையாம இருக்கணும். மலிவா கெடைக்குதுன்னு கார் டயரை ஏத்திட்டு அதுமேல ஒரு டன் குலை ஏத்துனவரை எனக்குத் தெரியும், டயரு வெடிச்ச சத்தம் கோயில் வரைக்கும் கேட்டுச்சு.

*

கேள்வி: ஐயா, பக்கத்து டவுன்ல ஒரு கடையில ஜப்பான்லேந்து வந்த பழைய டயரு நாலு, பட்டன் புதுசு மாதிரி இருக்கு, பாதி வெலைக்கும் கொறைச்சலாத் தர்றாங்க. கையால அமுக்குனா மெத்து மெத்துனு நல்லா இருக்கு. பக்கத்துல ஏதோ மலை படம் போட்டிருக்கு. வாங்கலாமா?

பதில்: மொதக் கேள்வியைப் படிச்சிருந்தா உங்களுக்கே சிரிப்பு வந்திருக்கும். அந்த மலைக்குள்ள பூ இருக்கான்னு பாருங்க. இருந்தா அது அசல் பனி டயரு, ஹொக்கைடோவுல ஓடி முடிச்சுட்டு நம்ம வெயிலுக்கு வந்திருக்கு. மெத்து மெத்துனு இருக்கறதுதான் அங்க அதோட நல்ல குணம், இங்க அதுதான் கெட்ட குணம். மத்தியானம் தார் ரோட்ல வெறுங்கால் வைக்க முடியாத ஊர்ல அந்த ரப்பரு இன்னும் எளகி, பிரேக் அடிச்சா பட்டன் சாஞ்சு நெளியும், வண்டி நிக்க நேரம் எடுக்கும், ஹைவேல லேன் மாத்துறப்ப வண்டி ஜெல்லி மேல நிக்கற மாதிரி ஆடும்.

எனக்கு எப்படித் தெரியும்னா நானும் வாங்கி ஏமாந்தவன். கடை தொறந்த புதுசுல, ஒரு ஆளு சொன்னாருன்னு, என் சொந்த வேனுக்கே நாலு போட்டேன். அப்ப எனக்கு பனியும் தெரியாது பூவும் தெரியாது. ஆறு மாசத்துல பட்டன் கரைஞ்சு போச்சு, அதுக்கு முன்னாடியே ஒரு மழை நாள்ல தாப்பா ரோட்ல ஒரு மோட்டாரைத் தட்டாம தப்பிச்சது எங்க குலதெய்வம் புண்ணியம். வாங்கறதுக்கு முன்னாடி பக்கவாட்டுல கடைசி நாலு எண்ணைப் பாருங்க, 2218னு இருந்தா 2018ஆம் வருசம் 22ஆவது வாரம் செஞ்சது. பட்டன் புதுசா இருந்தாலும் வயசு காட்டிக் குடுத்துடும். ஸ்டட்லெஸ், அதாவது ஆணி இல்லாததுன்னு எழுத்து இருந்தாலும் பனி டயர்தான், வேணாம்னு சொல்லிட்டு வந்துடுங்க.

*

கேள்வி: நைட்ரஜன் காத்து அடிச்சா மழைக்கும் குளிருக்கும் நல்லதாமே? ஒரு டயருக்கு இத்தனை வெள்ளின்னு (ரிங்கிட்) காசு வாங்குறாங்களே?

பதில்: நம்ம சாதாரண காத்துலயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். குளிருல சுருங்கறதுல ரெண்டும் ஒண்ணுதான். கொஞ்சம் மெதுவாக் கசியும், அவ்வளவுதான். என் கடையில அந்த மெஷின் இல்லாததால சொல்றேன்னு நெனைக்காதீங்க. அந்த வெள்ளிக்கு ஒரு நல்ல காத்து மீட்டர் வாங்கி வண்டியில போட்டு வைங்க.

*

கேள்வி: அண்ணே, எங்க பிக்கப்புக்கு ரெண்டு புது டயரு வாங்கியிருக்கோம். என் வீட்டுக்காரரு "ஸ்டியரிங் முன்னாடி இருக்கு, புதுசு முன்னாடிதான் போடணும்"னு நிக்கறாரு. நான் யூடியூப்புல பின்னாடின்னு பாத்தேன். ரெண்டு நாளா பேச்சு வார்த்தை இல்ல. யாரு சொல்றது சரி?

பதில்: நீங்க சொல்றது சரிம்மா. முன் சக்கரம் ஈரத்துல வழுக்குனா ஸ்டியரிங்ல தெரியும், காலை எடுத்தா பெரும்பாலும் திரும்பப் பிடிச்சுக்கும். பின் சக்கரம் வழுக்குனா தெரியறதுக்குள்ள வண்டி சுத்தி எதிர்ப்பக்கம் பாத்துக்கிட்டு நிக்கும், அதுவும் காலியான பிக்கப்பு. அதனால நல்ல டயரு பின்னாடி, கழட்டுனதுல தேவலாம இருக்கறது முன்னாடி. மழைக்காலத்துக்கு முன்னாடி அந்த முன் டயரையும் பாருங்க, பள்ளத்துக்குள்ள சின்னத் திட்டு மாதிரி ஒரு மேடு இருக்கும், 1.6 மில்லிமீட்டர், பட்டன் அந்த மேட்டு மட்டத்துக்கு வந்துட்டா அது டயரே இல்ல, சட்டப்படியும் மாத்தணும். நான் அது வரைக்கும் விட மாட்டேன், 3 மில்லிமீட்டர்லயே மாத்தச் சொல்வேன், அதுக்கப்புறம் தண்ணியைத் தள்ள பள்ளமே பத்தாது. போர்வீல் வண்டின்னா முன்னும் பின்னும் ஒரே அளவு, ஒரே மாதிரி டயரா இருக்கட்டும், தேய்மானத்துல ரொம்ப வித்தியாசம் இருந்தா காஞ்ச தார் ரோட்ல போர்வீல் போட்டு ஓட்டறப்ப கியர் பெட்டிதான் அடி வாங்கும்.

இதை நான்தான் சொன்னேன்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்ல வேணாம். கடுதாசியில இருந்த வண்டி நம்பரைப் பாத்தேன், நேத்துதான் என் கடையில நின்னு, புதுசை முன்னாடி போடுன்னு என்கிட்டயே சண்டை போட்டுட்டுப் போனாரு.